தண்ணீர் பேசும் பக்கம்

பாசியை அடியோடு ஒழிக்க நினைப்பவர்கள்தான் குளத்தைக் கெடுக்கிறார்கள். கையெழுத்து வாங்க வந்த அன்று நீங்கள் பின்வாசல் வரை வந்து எட்டிப் பார்த்து, "தண்ணி என்ன இவ்வளவு தெளிவா இருக்கு, அடியில கிடக்கிற கூழாங்கல்லக்கூட எண்ணிடலாம் போல" என்றீர்கள். நான் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். உங்கள் கோப்பில் இருக்கும் படங்களில் அதே குளம் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் இருக்கும். அது உங்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்து கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

பச்சையாகத் தெரிவதெல்லாம் அழுக்கு அல்ல. பாசியும் ஓர் உயிர்தான். வெயில் இருக்கும்வரை அது தண்ணீருக்குள் காற்றை விடும். வெயில் போனதும் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அளவோடு இருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கும் நஷ்டமில்லை. மிஞ்சிப்போனால்தான், விடிகிற நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்துப் பதறி மருந்தைக் கொட்டினால் மொத்தப் பாசியும் ஒன்றாகச் செத்து அடியில் படிந்து அழுகும். அழுகுவதற்கும் காற்று வேண்டும், மீனுக்கு மிச்சம் இருக்காது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். சொரசொரப்பான கழி ஒன்றை நூல்பாசிக்குள் விட்டுச் சுழற்றினால் பஞ்சு மிட்டாய்போல் சுற்றிக்கொண்டு வந்துவிடும். மீனுக்கு இரையைக் குறைக்க வேண்டும். தண்ணீரின் மேல் பாதிக்கு அல்லி இலையைப் படரவிட்டு நிழல் தர வேண்டும். கரையோரத்து வழுவழுப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். இதெல்லாம் என் வேலை. தண்ணீருக்குள் காற்று அடிப்பது தம்பியின் ஏற்பாடு.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தேன். அடுத்தவர் எழுதியதை வரி வரியாகப் படித்து, பிசகிய இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போவது. அதில் கிடைக்கும் அமைதி எனக்குப் பிடிக்கும். தம்பி வேறு மாதிரி. வானொலி, மின்விசிறி, மோட்டார் என்று எது கிடைத்தாலும் பிரித்துப்போட்டுவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்து சீட்டி அடிப்பான். அம்மா போனபோது அவன் என் இடுப்பு உயரம். அதற்குப் பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டு வந்த இடம் ஒன்று நன்றாகத்தான் இருந்தது. அவனையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றேன், அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தம்பி கேலி செய்வான்.

அவனுடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. கதவு நிலையில் தோள் இடித்துக்கொள்வான், பக்கத்தில் நிற்பவரைத் தாண்டிப் போய்விடுவான். கண் மருத்துவர், கொஞ்சம் முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அந்தச் சமயத்தில் அச்சகத்தில் வேலை நெருக்கடி. தனியாகப் போகிறேன் என்றுதான் அவன் சொன்னான். நான்தான் தனியாக அனுப்பவில்லை.

சாவித் துவாரம் அளவுக்குப் பார்வை மிஞ்சியிருந்தபோது குளம் வெட்ட ஆரம்பித்தான்.

"கண்ணு இருக்கும்போதே அழகா ஒண்ணு செஞ்சு பாத்துடணும்கா."

"அதுக்கு எதுக்குடா இவ்வளவு ஆழம்? கிணறு தோண்டுறியா?"

"ஆழமா இருந்தாத்தான் தண்ணி சூடாகாது. சூடாகாத தண்ணியில பாசி பிடிக்காது. நீ புத்தகத்துலதான் பிழை பிடிப்ப, நான் மண்ணுலயே பிழை இல்லாம எழுதுறேன், பாரு."

நடுவில் அவன் உயரத்துக்கும் சற்று மேல். கிண்ணம்போலச் சரிந்து இறங்கும் பள்ளம். அதன்மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு. பின்வாசல் பக்கத்து முனையில் மட்டும் இறங்கி ஏற மூன்று படிக்கல். நீச்சல் அவனுக்குத் தெரியாது. சிறுவயதில் கற்றுக்கொள்ளக் கேட்டான், நான் விடவில்லை. தண்ணீர் என்றால் எனக்கு அப்போதே பயம்.

அந்தச் சாவித் துவாரமும் மூடிக்கொண்ட பிறகு அவன் ஒரு வேலை செய்தான். அதை நீங்கள் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

எங்கள் பின்வாசலிலிருந்து அவனுடைய பட்டறைக் கொட்டகைக்கு ஒரு நடைபாதை போகிறது. அதற்கு இடது கைப்பக்கம், ஓர் எட்டு தள்ளி, குளம்; வலது கைப்பக்கம் கம்பு வேலி. கொட்டகைக் கூரையில் சோலார் தகடு. அதிலிருந்து காற்று மோட்டாருக்கு ஒயர். மோட்டாரிலிருந்து மெல்லிய குழாய்கள் தண்ணீருக்குள் இறங்கும். ஒவ்வொரு குழாயின் நுனியிலும் கைக்குள் அடங்கும் குமிழிக்கல் ஒன்று. கல்லின் நுண்ணிய துளைகள் வழியாகக் காற்று குமிழிகளாக மேலே வந்து உடையும். எல்லோரும் கல்லைக் குளத்தின் நடுவில் போடுவார்கள். தம்பி எல்லாக் கல்லையும் நடைபாதை ஓரமாக வரிசையாகப் போட்டான். கதவைத் திறந்து வெளியே வந்தால் இடது காதில் அந்தச் சத்தம் விழும். அதை ஒரே அளவில் வைத்துக்கொண்டு நடப்பான். சத்தம் பெரிதானால் குளத்துப் பக்கம் போய்விட்டோம் என்று வலதுபுறம் ஒதுங்குவான். சத்தம் சிறிதானால் வேலிப் பக்கம் போய்விட்டோம் என்று இடதுபுறம் வருவான். நூல் பிடித்ததுபோல் கொட்டகை வாசலில் போய் நிற்பான்.

"தண்ணிக்கு வேலி போட்டுட்டேன்கா. கம்பி வேலி இல்ல, சத்த வேலி."

பேட்டரி வைத்துவிடேன், வெயில் இல்லாதபோதும் ஓடுமே என்று கேட்டேன். மறுத்துவிட்டான். "வெயில் இருந்தா குளம் பேசும், நான் போவேன். அது வாய மூடிக்கிட்டா வாசல்லயே நின்னு உன்னைக் கூப்பிடுவேன். உனக்கும் ஒரு வேலை வேணாமா?" என்றான்.

அதுதான் எங்கள் வழக்கமாகிவிட்டது. மேகம் கவிந்த நாளில் பின்வாசலில் நின்று, "அக்கா, குளம் கோவிச்சுக்கிச்சு" என்று குரல் கொடுப்பான். நான் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போவேன். என் தோளில் கை வைத்துக்கொண்டு நடப்பான். அந்த நாட்களை நான் எதிர்பார்த்திருந்தேன் என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தகட்டின்மேல் பறவை எச்சம் விழுந்தால் குமிழி குறையும். துடைப்பதும் என் வேலைதான். சில சமயம் உடனே துடைப்பேன். சில சமயம் இல்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதில்மேல் தலையை நீட்டி, "உங்க வீட்டு மீனுக்கு ஆஸ்பத்திரி மாதிரி காத்து வெச்சிருக்கீங்க. நான் இங்க ஃபேன் இல்லாம வேர்த்து ஊத்துறேன்" என்பார்.

"மீனு கரண்ட் பில் கேக்காதுண்ணே" என்பான் தம்பி.

இப்படியே போயிருந்தால் நீங்கள் என் வீட்டு வாசலை மிதித்திருக்க வேண்டியதே இல்லை.

பிறகு கோல் டீச்சர் வந்தாள். பார்வை இல்லாதவர்களுக்கு வெள்ளைக் கோலை வைத்துக்கொண்டு தெருவில் நடக்கப் பழக்குவது அவள் தொழில். பேர் வைத்தது தம்பிதான். வாரத்தில் சில நாள் வந்து அவனைச் சாலைக்குக் கூட்டிப் போவாள். முதலில் நானும் பின்னாலேயே போனேன். அவள் நின்று திரும்பி, "அக்கா, நீங்க வந்தா அவர் உங்க செருப்புச் சத்தத்தைத்தான் கேட்டுட்டு நடக்கிறார். ரோட்டைக் கேக்க மாட்டேங்கிறார்" என்றாள். தன்மையாகத்தான் சொன்னாள். நான் வீட்டுக்குத் திரும்பினேன். என்னை அக்கா என்று கூப்பிட ஒருவன் போதும் என்று வழியில் நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்குள் கோல் வேண்டாம் என்று மட்டும் அவனிடம் கேட்டுக்கொண்டேன். தரையில் அது தட்டும் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை என்றேன். "சரிக்கா, நம்ம வீட்டுல கோலு எதுக்கு" என்று வாசலிலேயே சாத்தி வைத்தான். கோல் டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "வீட்லதான் எல்லாரும் விழுவாங்க" என்றாள். "எங்க வீட்ல குளமே வழி சொல்லும் டீச்சர், நீங்க வேணா வந்து பாடம் படிச்சுக்கோங்க" என்றான். அவள் நிஜமாகவே படிக்க வந்தாள். கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலிலிருந்து கொட்டகை வரை சத்தத்தைப் பிடித்து நடந்தாள். போய்ச் சேர்ந்ததும் இருவரும் சிரித்த சிரிப்பு அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"அக்கா, டீச்சரோட ஊர்ல ஒரு பயிற்சி நிலையம் இருக்கு. கண்ணு தெரியாதவங்களுக்கு மோட்டார் ரிப்பேர் சொல்லித்தர ஆள் வேணுமாம். அங்கேயே தங்க இடம் குடுக்கிறாங்க."

"யாரு கூடவே இருந்து பாத்துப்பாங்க?"

"யாரும் பாத்துக்க வேணாம்கா. நான் போய் நாலு பேரைப் பாத்துக்கப் போறேன்." பிறகு, தட்டைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு, "நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீயும் வந்துடேன்கா எங்களோட."

"எனக்கு அங்க என்னடா வேலை?"

"வேலை எதுக்கு? சும்மா இரு. இத்தனை வருஷம் பாத்தது போதாதா?"

போதாதா என்று அவன் அன்பாகத்தான் கேட்டான். அவன் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். எலும்பைத் தனியாக எடுத்து வைத்துக் கறியை மட்டும் அவன் பக்கம் தள்ளினேன், எப்போதும்போல. அவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நானே எடுத்துப்பேன்கா" என்றான். அந்த வார்த்தையை அவன் அதற்கு முன் சொன்னதில்லை.

நான் யோசித்தது ஒன்றுதான். தெரியாத ஊர், தெரியாத தெரு. அங்கே எந்தக் குளம் இவனுக்கு வழி சொல்லும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நம் வீட்டிலேயே தடுமாறினால் புரிந்துகொள்வான். கால் நனைந்தால் போதும். பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொள்வான், பயணம் தள்ளிப்போகும். இதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு முதுகுவலி. பாசி எடுப்பதை நிறுத்தியிருந்தேன். குனிந்து கரையைத் தேய்க்க முடியவில்லை. மீனுக்கு மட்டும் இரையைக் குறைக்கவில்லை, பாவம் என்று கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். மிஞ்சிய இரை கரைந்து பாசிக்கு உரமாயிற்று. அல்லி இலைகள் பழுத்திருந்தன, வெட்டி எடுத்துவிட்டேன். நிழல் போனதும் வெயில் நேராக இறங்கியது. தண்ணீர் முதலில் இளம்பச்சையானது. பிறகு கை விட்டால் விரல் தெரியாத பச்சை. ரப்பர் விரிப்பின் சரிவில் பாசி தடித்து, சோப்பு தடவியதுபோல் ஆனது. நூல்பாசி கரையிலிருந்து படர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் புல்தரை நீண்டிருப்பதுபோலத் தெரிந்தது.

தையல்காரர் கூட மதில் வழியாக, "என்னம்மா, குளத்தை இப்படி விட்டுட்டீங்க? உங்களுக்கு இது பழக்கமில்லையே" என்றார்.

"உடம்புக்கு முடியலைங்க. எடுக்கணும்" என்றேன்.

குளம் அப்படி ஆனால் தண்ணீர் எங்கே தேங்கிக் கிடக்கிறதோ அங்கே காற்றுக் கொடுக்க வேண்டும். இது குளம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் குளத்தில் தண்ணீர் தேங்குவது எதிர்க்கரையில். ஆகவே குமிழிக்கற்களை நடைபாதை ஓரத்திலிருந்து எடுத்து எதிர்க்கரைக்கு மாற்றினேன். மாற்றியது, தம்பி கோல் டீச்சருடன் பயணச்சீட்டு வாங்கப் போயிருந்தபோது. குழாய்கள் நீளமாக இருந்தன, சுலபமாக எட்டியது. மீனுக்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

மாற்றியபிறகு பின்வாசலில் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவன் நடப்பதுபோலவே, இடது காதில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். பாதுகாப்பாக இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா? சத்தம் மிகவும் சிறிதாக இருந்தது. வேலிப் பக்கம் போய்விட்டோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இடதுபுறம் ஒதுங்கினேன். அப்போதும் சிறிதாகத்தான் கேட்டது, இன்னும் ஒதுங்கினேன். காலடியில் புல் மாதிரி மெத்தென்று ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தபோது இடது கால் தண்ணீருக்குள் இருந்தது, பாதம் சரிந்துகொண்டிருந்தது. வேலிக்கம்பைப் பிடிக்கலாம் என்று கை நீட்டினால் அந்தப் பக்கம் கம்பு கிடையாது. எப்படியோ உட்கார்ந்து, ஊர்ந்து, மேலே வந்தேன். முழங்கால்வரை பச்சை. கழுவிக்கொண்டேன். பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

கற்களைத் திரும்ப எடுத்து வைக்கவில்லை. எதிர்க்கரை மீன்கள் அன்று நன்றாகத்தான் மூச்சு விட்டன.

மறுநாள் நல்ல வெயில். எதிர்க்கரையில் குமிழிகள் கொதிப்பதுபோல் வந்தன. நடந்ததை நீங்கள் உங்கள் போலீஸ் கோப்பில் எழுதியிருக்கிறீர்கள்: பார்வையற்றவர், தோல் மேலங்கியின் பைகளில் கனமான கருவிகள், தவறி விழுந்தார், வீட்டிலிருந்தவர் முன்வாசல் பக்கம் இருந்ததால் தெரியவில்லை. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். குமிழிக்கற்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தையல்காரரைக் கூப்பிடுவதற்கு முன்பே அவற்றைப் பழைய இடத்தில் வரிசையாக வைத்துவிட்டேன். அவர் மதிலேறிக் குதித்து வந்தபோது, குளம் எப்போதும் பேசும் பக்கத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தது.

கோல் டீச்சர் வந்தாள். அழவில்லை. பின்வாசலில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள்.

"அன்னிக்குச் சத்தம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"அப்ப அவர் விழுந்திருக்க மாட்டாரே."

"பயண அவசரம். மனசு இங்க இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலில் சாத்தியிருந்த கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கெட்டிக்காரி. அவளைப் பற்றி நான் எதுவும் குறையாகச் சொன்னதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் தெளிவாக்கினேன். முதுகுவலி போய்விட்டது. மருந்து கிருந்து ஒன்றும் போடவில்லை. கழியால் சுற்றிச் சுற்றி எடுத்தேன். கரையை விரலால் தேய்த்தேன். அல்லி புதிதாக வைத்தேன். குமிழிக்கல் அடைத்துக்கொண்டால் வினிகரில் ஊறவைத்துக் கழுவிப்போடுகிறேன். அடிவரை தெரிய வேண்டும் எனக்கு. ஒவ்வொரு காலையும் முதலில் போய் அடியைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குகிறேன். ஒன்றும் இருக்காது. கூழாங்கல்தான்.

சூரியன் கொட்டகைக் கூரைக்கு வந்ததும் மோட்டார் தானாக மூச்சு விட ஆரம்பிக்கும். முதலில் தயங்கித் தயங்கி. தூங்கி எழுந்தவன் தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல. பிறகு சீராக. அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது மேகம் கவியும் நாள்தான். குமிழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, நின்றுவிடும். வீடு முழுக்க அந்த அமைதி பரவும். அப்போது பின்வாசல் நிலைக்கு உள்பக்கம், ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, யாரோ நிற்பது எனக்குத் தெரியும். கூப்பிடத்தான் நிற்கிறான். கூப்பிட மாட்டான். நான் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போய் என் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். தோளில் எதுவும் விழாது. மழைக்காலத்தில் நாள் முழுக்க அப்படி நிற்க வேண்டியிருக்கிறது. சோறு அடிப்பிடித்துவிடுகிறது.

அதனால்தான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அன்று நான் முன்வாசல் பக்கம் இல்லை.

துவைத்த துணி வாளியோடு எதிர்க்கரையில் நின்றிருந்தேன். அவன் கதவைத் திறந்துகொண்டு சீட்டி அடித்தபடி வந்தான். கருவிகளைக் கட்டி வைக்கத்தான் கொட்டகைக்குப் போகிறான் என்று தெரியும். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டான். இடதுபுறம் ஒதுங்கினான். மறுபடி கேட்டான், மறுபடி ஒதுங்கினான். சீட்டி நின்றது. பிறகு தண்ணீர்ச் சத்தம். அது ஒன்றும் பெரிய சத்தமில்லை. தையல்காரரின் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

தலை மேலே வந்ததும் இருமினான். பிறகு சிரித்தான்.

"அக்கா, குளம் வீடு மாறிடுச்சுக்கா" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. நனைந்தால் போதும் என்று நினைத்திருந்தேன், நனைந்துவிட்டான். அதோடு ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். ஆனால் அவன் சிரித்தானே. பயந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்று தோன்றியது.

நடைபாதைக் கரை அவனுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குமிழிச் சத்தத்தை நோக்கித் திரும்பினான். சத்தம் இருக்கும் இடம்தான் நடைபாதை என்பது அவன் கணக்கு, அந்தக் கணக்கு அவனே போட்டது. நடுவில் ஆழம். ஒரு தடவை காணாமல் போனான். நூல்பாசி கையில் சுற்றிக்கொண்டு வந்தான். மறுபடி காணாமல் போனான். எப்படியோ எதிர்க்கரைக்கு வந்துவிட்டான். என் கால் அருகே ரப்பர் விரிப்பில் விரல்களை ஊன்றினான். வழுக்கியது. ஊன்றினான். வழுக்கியது. அப்போது அவன் முகம் சட்டென்று நிமிர்ந்து என் பக்கம் திரும்பியது. துணிகளிலிருந்து சோப்பு வாசனை வந்திருக்க வேண்டும்.

"அக்கா, இங்கதான நிக்கிற" என்றான். மூச்சு வாங்கியது.

நான் அசையவில்லை.

"கல்ல நகத்திட்டியாக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. பிரித்துப்போட்ட மோட்டாரில் எது பழுது என்று கண்டுபிடித்துவிட்டால் அவன் குரலில் ஒரு நிதானம் வரும், அந்தக் குரல். கீழே போனான். மேலே வந்தான். ஒரு கையை மட்டும் தண்ணீரிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினான். நான் குனிந்தால் எட்டும்.

"கை குடுக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

என் கையில் வாளி இருந்தது. கீழே வைக்க இடம் பார்த்தேன், எங்கே பார்த்தாலும் பாசி. துணி மறுபடி அழுக்காகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் குமிழிகள் மட்டும் இருந்தன.

சொன்ன சொல்லை அவன் காப்பாற்றிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு வெள்ளந்தியான பிள்ளையை யாரை நம்பி வெளியூருக்கு அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள்.